பென்டிரைவ்ல போடுன்னு சொன்னதுக்கு வாங்கின திட்டு: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் அரூர்ல இருந்து ஒரு வாசகர், ரெண்டு பழைய லேப்டாப்புக்கு நடுவுல ஃபைல் எப்படி மாத்தறதுன்னு கேட்டிருந்தாரு, நான் அவசரத்துல "பென்டிரைவ்ல போட்டு மாத்திக்குங்க"ன்னு ஒத்த வரியில பதில் போட்டுட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப் மெசேஜும் கொஞ்ச நஞ்சம் இல்ல. ஒருத்தர், "பென்டிரைவ் எடுக்கற லேப்டாப்பா இருந்தா உன்கிட்ட ஏன்யா கேக்கறோம்"னு நேராவே கேட்டுட்டாரு. நியாயம் தான். அதனால இந்த மாசம் முழுக்க கேபிள் சமாச்சாரம் மட்டும் தான், மத்த கேள்வியெல்லாம் அடுத்த தடவை. கேள்விகளை சுருக்கிட்டேன், பேரை எடுத்துட்டேன், ஊர் மட்டும் விட்டிருக்கேன்.

காவேரிப்பட்டணம், முன்னாடி டிடிபி கடை வெச்சிருந்தவர்: அண்ணா, என்கிட்ட விண்டோஸ் 98 லேப்டாப் ஒன்னு இருக்குது. 1999ல இருந்து அடிச்ச கல்யாண பத்திரிகை, தெருக்கூத்து நோட்டீஸ், மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் பேஜ்மேக்கர்ல அதுக்குள்ளயே கெடக்குது, மொத்தம் 600 எம்பி வரும். பென்டிரைவ் சொருகுனா டிரைவர் கேக்குது, சிடி ரைட்டர் இல்ல, ஃபிளாப்பி டிரைவ் கரகரன்னு சத்தம் தான் போடுது. எக்ஸ்பி போட்ட இன்னொரு லேப்டாப் இருக்குது, ரெண்டுலயும் பின்னாடி பிரிண்டர் போர்ட் இருக்குது. கேபிள் போட்டு இழுக்க முடியுமா?

முடியும்ங்க, ஒரு காலத்துல எல்லாரும் அப்படித்தான் இழுத்தாங்க. பென்டிரைவ் ஏன் எடுக்கலைன்னா விண்டோஸ் 98ல பென்டிரைவுக்குன்னு பொதுவா ஒரு டிரைவர் கெடையாது, ஒவ்வொரு பென்டிரைவுக்கும் அதுக்குன்னு வர்ற சிடிய போட்டு ஏத்தணும், அதுக்கப்புறம் வந்த விண்டோஸ் 2000லயும் மில்லேனியத்துலயும் தான் அது உள்ளயே சேர்ந்து வந்துச்சு. ஃபிளாப்பி ஓடுனாலும் பிரயோஜனம் இல்ல, 1.44 எம்பி கணக்குக்கு 400 ஃபிளாப்பிக்கு மேல வேணும், அத்தனை ஃபிளாப்பிக்கு எங்க போறது.

உங்களுக்கு வேணுங்கறது லேப்லிங்க் கேபிள். 1983ல லேப்லிங்க்னு ஒரு சாஃப்ட்வேர் வந்துச்சு, அதோட வந்த கேபிளுக்கு அந்த பேரே நின்னுபோச்சு. ரெண்டு முனையிலயும் 25 பின் ஆண் கனெக்டர் இருக்கும். பிரிண்டர் கேபிளை தூக்கிட்டு வந்துடாதீங்க, அதுல ஒரு முனை தான் 25 பின், இன்னொரு முனை பிரிண்டருக்கு மாட்டற அகல மூஞ்சி. நேருக்கு நேரா 25ம் 25ம் போட்ட கேபிளும் ஆவாது, ஏன்னா இதுல ஒயரு குறுக்க போகணும். பிரிண்டர் போர்ட்ல எட்டு ஒயரு வெளிய அனுப்பறதுக்கு, உள்ள வாங்கறதுக்கு இருக்கறதோ அஞ்சே அஞ்சு ஸ்டேட்டஸ் ஒயரு, பேப்பர் தீர்ந்துடுச்சு, பிரிண்டர் பிசின்னு பிரிண்டர் சொல்றதை கேக்கறதுக்காக வெச்சது. அந்த அஞ்சையும் ஏமாத்தி அது வழியா டேட்டாவை வாங்கறது தான் இந்த கேபிளோட சூட்சுமம். அதனால ஒரு பைட்டை ரெண்டா பிச்சு நாலு பிட் நாலு பிட்டா அனுப்பும், அஞ்சாவது ஒயரு "அனுப்பிட்டேன், வாங்கிட்டேன்"னு சொல்லிக்கறதுக்கு.

கடையில கெடைக்கலைன்னா, கெடைக்காதுன்னு தான் நெனைக்கறேன், எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற பெங்களூர் எஸ்பி ரோடு பக்கம் போறவங்க யாராச்சும் இருந்தா கேட்டு பாக்க சொல்லுங்க, இல்லன்னா சால்டரிங் தெரிஞ்ச ரேடியோ மெக்கானிக் யாராவது ஒரு மணி நேரத்துல செஞ்சு குடுத்துடுவாங்க. மொத்தம் 11 ஒயரு தான். இந்த பக்கம் 2ஐ அந்த பக்கம் 15க்கு, 3ஐ 13க்கு, 4ஐ 12க்கு, 5ஐ 10க்கு, 6ஐ 11க்கு, அதே மாதிரி அந்த பக்கத்துல இருந்து இந்த பக்கத்துக்கு அஞ்சு, கடைசியா 25ஐ 25க்கு, அது எர்த் மாதிரி பொது ஒயரு. ரெண்டு லேப்டாப்பையும் ஆஃப் பண்ணிட்டு தான் மாட்டணும், கழட்டறப்பவும் அப்படித்தான், யூஎஸ்பி மாதிரி ஓடறப்போ சொருகுனா அந்த போர்ட்டு போயிடும்.

சாஃப்ட்வேர் ரெண்டுலயும் ஏற்கனவே இருக்குது, டைரக்ட் கேபிள் கனெக்ஷன்னு பேரு, விண்டோஸ் 95ல இருந்து வந்தது. 98ல ஸ்டார்ட், புரோகிராம்ஸ், ஆக்சசரிஸ், கம்யூனிகேஷன்ஸ்க்குள்ள பாருங்க, இல்லன்னா கன்ட்ரோல் பேனல்ல ஆட் ரிமூவ் புரோகிராம்ஸ் போய் விண்டோஸ் செட்டப்ல டிக் பண்ணனும், அப்போ 98 சிடி கேக்கும், அதையும் தேடி வெச்சுக்குங்க. எக்ஸ்பில நியூ கனெக்ஷன் விசார்ட்ல "அட்வான்ஸ்ட் கனெக்ஷன்"ங்கறதுக்குள்ள இருக்கும். யாரு ஹோஸ்ட் யாரு கெஸ்ட்னு கேக்கும். ஃபைல் இருக்கறது 98ல, அதனால அது தான் ஹோஸ்ட்னு உங்களுக்கு தோணும், ஆனா நான் சொல்றதை கேளுங்க, எக்ஸ்பிய ஹோஸ்ட்டா வெச்சு 98ஐ கெஸ்ட்டா வெய்யுங்க. எக்ஸ்பி தானே ரெண்டு பக்கத்துக்கும் ஐபி நம்பர் (ரெண்டும் ஒன்னை ஒன்னு அடையாளம் கண்டுக்கற விலாசம்) குடுத்துக்கும், 98க்கு அந்த வேலை சரியா வராது. எக்ஸ்பில ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணி உள்ள எழுதவும் அனுமதி குடுத்து, யூசர் ஒன்னு பாஸ்வேர்டோட உண்டாக்கி, 98ல இருந்து அதுக்குள்ள தள்ளுங்க. 98 ஹோஸ்ட் கம்ப்யூட்டர் பேரு கேட்டுச்சுன்னா எக்ஸ்பி லேப்டாப்போட பேரை அடிக்கணும், வெறும் யூசர் பேரை அடிச்சுட்டு "வரலையே"ன்னு உக்காந்திருந்தவங்களை பாத்திருக்கேன். ரெண்டும் பேசிக்கவே இல்லன்னா பயாஸ்ல, அதாவது லேப்டாப் ஆன் ஆகறப்போ வர்ற செட்டிங் பக்கத்துல போய் பிரிண்டர் போர்ட்டை நார்மல், இபிபி, இசிபின்னு மாத்தி மாத்தி பாருங்க.

எவ்வளவு நேரம் ஆகும்? நொடிக்கு 50 கேபி வந்தாலே சந்தோஷப்படுங்க, 600 எம்பிக்கு மூணரை மணி நேரம். சின்ன 9 பின் சீரியல் போர்ட்ல போட்டா அதிகபட்சம் 115200 பிட், அதாவது நொடிக்கு 11 கேபி சொச்சம், அதே ஃபைலுக்கு 15 மணி நேரம் கிட்ட. ராத்திரி போட்டுட்டு தூங்கிடலாம்னு நெனைக்காதீங்க. நான் ஒரு தடவை அப்படி போட்டுட்டு படுத்து, காலையில எந்திரிச்சு பாத்தா லேப்டாப்பும் எனக்கு முன்னாடியே தூங்கியிருக்குது, பவர் செட்டிங்க பாக்காம விட்டுட்டேன், மொத்தமே இருபது நிமிஷ ஃபைல் தான் வந்திருந்துச்சு. ஸ்லீப், ஸ்கிரீன் சேவர், ஹார்ட் டிஸ்க் ஆஃப் ஆகறது, மூணையும் ரெண்டு லேப்டாப்லயும் "நெவர்"னு வெச்சுட்டு ஆரம்பிங்க, ஒரு ஃபோல்டர் ஒரு ஃபோல்டரா அனுப்புங்க, அப்போ தான் நடுவுல அறுந்தா எங்க அறுந்துச்சுன்னு தெரியும்.

இவ்வளவு எழுதிட்டு இதை சொன்னா அடிக்க வருவீங்க, ஆனா சொல்லணும்: அந்த 98 லேப்டாப்போட பக்கவாட்டுல கார்டு சொருகற பட்டையான ஓட்டை இருக்குதா பாருங்க. பிசிஎம்சிஐஏ ஸ்லாட்னு சொல்லுவாங்க. அதுக்கு பழைய லேன் கார்டு எங்கயாச்சும், அதோட டிரைவர் ஃபிளாப்பியோ சிடியோ சேர்த்து, கெடைச்சா, வெறும் 10 எம்பிபிஎஸ் கார்டா இருந்தாலும் நொடிக்கு ஒரு எம்பி கிட்ட வரும், உங்க 600 எம்பி கால் மணி நேரத்துல முடிஞ்சுது. ஸ்குரூ கழட்ட பயம் இல்லன்னா இன்னொன்னு, ஹார்ட் டிஸ்கை வெளிய எடுத்து 44 பின் ஐடிஇ டூ யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டி எக்ஸ்பில சொருகுனா பென்டிரைவ் மாதிரியே தெரியும். 25 வருஷத்து டிஸ்குக்கு மூணரை மணி நேரம் ஓடறதை விட இது நல்லது.

இப்போ முக்கியமானது. ஃபைல் வந்து சேர்ந்ததும் வேலை முடிஞ்சுடுச்சுன்னு பழைய லேப்டாப்பை காயலான் கடைக்கு போட்டுடாதீங்க. அந்த காலத்துல நீங்க அடிச்ச தமிழ் யூனிகோட், அதாவது எந்த கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியற பொது குறியீடு, கெடையாது, ஒவ்வொரு சாஃப்ட்வேர் கம்பெனியும் தனக்குன்னு ஒரு எழுத்துரு, தனக்குன்னு ஒரு கீபோர்டுன்னு வெச்சிருந்தான். 1999ல சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடத்தி டாம், டாப்னு ரெண்டு குறியீடு கொண்டு வந்தாங்க, அப்புறமும் கடைக்கு கடை வேற தான் ஓடுச்சு, 2010ல தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16ங்கற இன்னொரு குறியீட்டையும் தரம்னு அறிவிச்சுது. ஃபான்ட் இல்லாம உங்க பேஜ்மேக்கர் ஃபைலை எக்ஸ்பில திறந்தீங்கன்னா "திருமண அழைப்பிதழ்"ங்கறது கோடும் புள்ளியும் டாலரும் கலந்த ஏதோ மாதிரி தெரியும், ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பயந்துடுவீங்க, கெடல. விண்டோஸ்க்குள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுசையும் எடுத்துக்குங்க. அடோபி டைப் மேனேஜர் போட்டிருந்தீங்கன்னா இன்னும் கொஞ்சம் ஃபான்ட் அங்க இருக்காது, சி டிரைவ்ல பிஎஸ்ஃபான்ட்ஸ்னு தனி ஃபோல்டர்ல இருக்கும், பிஎஃப்பி, பிஎஃப்எம்னு ரெண்டு ரெண்டு ஃபைலா, ஜோடி பிரியாம எடுக்கணும். நோட்டீஸ்ல போட்ட சாமி படம் எல்லாம் லிங்க்கா போட்டிருந்தா அந்த பட ஃபோல்டரும் வேணும்.

பழைய பத்திரிகையை எல்லாம் திறந்து பாக்கறப்போ ஒன்னு கவனிப்பீங்க, 2004 பிப்ரவரிக்கு முன்னாடி அடிச்சது எல்லாத்துலயும் "தருமபுரி மாவட்டம்"னு இருக்கும், கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதுக்கப்புறம் தான் மாறியிருக்கும். அதை திருத்திடாதீங்க, அப்படியே வெச்சிருங்க, நல்லா இருக்கும்.

பாலக்கோடு, காலேஜ் படிக்கும் தங்கச்சி: அண்ணா, எங்க அக்காவுக்கு +2ல கவர்மென்ட் குடுத்த லேப்டாப்ல விண்டோஸ் 7 இருக்கு, என்னோடது விண்டோஸ் 10. அக்கா கல்யாண போட்டோ வீடியோ எல்லாம் 20 ஜிபி, என்கிட்ட இருக்கறது 4 ஜிபி பென்டிரைவ். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில ரெண்டு பக்கமும் யூஎஸ்பி இருக்கற கேபிள் 80 ரூபாய்னு குடுத்தாங்க, அதை மாட்டிட்டா ஃபைல் போகும்னு சொன்னாங்க. மாட்டலாமா?

மாட்டாதம்மா! இதுக்கு மட்டும் தான் இந்த பக்கத்துல ஆச்சரியக்குறி போட்டிருக்கேன். யூஎஸ்பில எப்பவுமே ஒருத்தர் முதலாளி, ஒருத்தர் வேலைக்காரர், கம்ப்யூட்டர் முதலாளி, பென்டிரைவ், மவுஸ் எல்லாம் வேலைக்காரர். ரெண்டு லேப்டாப்பும் முதலாளி, ரெண்டும் ஒரே ஒயர்ல 5 வோல்ட்டை வெளிய தள்ளும், ஒன்னு இன்னொன்னு மேல மோதி போர்ட்டு போகலாம், போர்டே போகலாம், ஃபைல் மட்டும் எந்த காலத்துலயும் போகாது. பாக்க அதே மாதிரி இருக்கற இன்னொரு கேபிள் இருக்கு, நடுவுல சின்ன பொட்டி மாதிரி ஒரு குமிழ் இருக்கும், அதுக்குள்ள சிப் இருக்கும், பிரிட்ஜ் கேபிள்னு பேரு, அது வேலை செய்யும். ஆனா அதுக்கு காசு குடுக்க வேண்டாம், உனக்கு லேன் கேபிளே போதும்.

வீட்டுல பிராட்பேண்ட் மோடத்துக்கு போட்டிருக்கற லேன் கேபிளை கழட்டி ரெண்டு லேப்டாப்லயும் நேரா சொருகு. முன்னாடி எல்லாம் இதுக்கு கிராஸ் கேபிள் தான் வேணும், இப்போ ஏதாவது ஒரு லேப்டாப்ல கிகாபிட் லேன் இருந்தாலே அது தானா ஒயரை மாத்தி புரிஞ்சுக்கும். சொருகுன எடத்துல லைட் எரிஞ்சா சரி, எரியலைன்னா மட்டும் கீழ பென்னாகரத்துக்காரருக்கு சொன்ன கேபிள். மோடத்துல லேன் ஓட்டை ரெண்டு மூணு இருந்தா ரெண்டு லேப்டாப்பையும் அதுல மாட்டுனாலும் ஆச்சு, அப்போ ஐபி நம்பர் குடுக்கற வேலையும் மிச்சம்.

நேரா மாட்டுனா ரெண்டுக்கும் நம்பர் குடுக்கணும். குடுக்கலைன்னாலும் ரெண்டும் கொஞ்ச நேரம் தேடிட்டு 169.254ல ஆரம்பிக்கற நம்பரை தானா எடுத்துக்கும், வேலை செய்யும், ஆனா அந்த நம்பர் என்னன்னு ஒவ்வொரு தடவையும் தேடணும். கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க், அடாப்டர் செட்டிங்ஸ், லோக்கல் ஏரியா கனெக்ஷன் (விண்டோஸ் 10ல ஈதர்நெட்னு இருக்கும்) மேல ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், ஐபி வெர்ஷன் 4. அக்கா லேப்டாப்புக்கு 192.168.5.1, உன்னோடதுக்கு 192.168.5.2, சப்நெட் ரெண்டுக்கும் 255.255.255.0, கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் காலியா விடு. வைஃபையை ஆஃப் பண்ணிடு, இல்லன்னா எது வழியா போகுதுன்னு ஒரே குழப்பம். அக்கா லேப்டாப்ல போட்டோ ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ஷேர் பண்ணு, அந்த லேப்டாப் யூசருக்கு பாஸ்வேர்ட் இல்லன்னா ஒன்னு வெய், பாஸ்வேர்ட் இல்லாத யூசரை நெட்வொர்க்ல விண்டோஸ் உள்ள விடாது, இங்க தான் பாதி பேரு மாட்டிக்கிட்டு "ஆக்சஸ் டினைட்"னு ஸ்கிரீன்ஷாட் அனுப்பறாங்க. உன் லேப்டாப்ல விண்டோஸ் பட்டனும் ஆர் பட்டனும் சேர்த்து அமுக்கி \\192.168.5.1னு அடி, அக்காவோட யூசர் பேரு பாஸ்வேர்ட் குடு, அவ்வளவு தான். அந்த லேப்டாப்ல இருக்கறது 7 ஸ்டார்ட்டரா இருந்தா ஹோம்குரூப்ங்கற ஷேரிங் வசதியை புதுசா உண்டாக்க முடியாது, அதை பத்தி கவலை இல்ல, இந்த வழியில அது தேவையே இல்ல. 100 எம்பிபிஎஸ் லேன்ல நொடிக்கு 11 எம்பி வந்தா 20 ஜிபிக்கு அரை மணி நேரம். வீடியோ வேகமா போகும், சின்ன சின்ன போட்டோ ஆயிரக்கணக்குல இருந்தா இழுக்கும், அது கேபிள் கோளாறு இல்ல.

அந்த 80 ரூபாயை திருப்பி கேளு.

ஓசூர், சின்ன மெஷின் ஷாப் வெச்சிருப்பவர்: சார், எங்க சிஎன்சி மெஷினுக்கு (கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற கடைசல் மெஷின்) புரோகிராம் ஏத்தறதுக்குன்னே ஒரு எக்ஸ்பி லேப்டாப் வெச்சிருக்கோம், 9 பின் போர்ட் இருக்குதுங்கறதுக்காக. யூஎஸ்பி போர்ட் ரெண்டும் செத்துப்போச்சு, ஸ்கிரீன்லயும் கோடு விழுது. விண்டோஸ் 10 லேப்டாப்புக்கு எல்லாத்தையும் மாத்தணும். லேன் கேபிள் போட்டாச்சு, பிங் போகுது, ஆனா ஃபோல்டரை திறந்தா எர்ரர்.

பிங், அதாவது ஒன்னு கூப்பிட்டா இன்னொன்னு பதில் சொல்லுதான்னு பாக்கற சோதனை, போகுதுன்னா உங்க கேபிளும் ஐபி நம்பரும் சரி, பிரச்சனை பாஷையில. எக்ஸ்பிக்கு தெரிஞ்சது எஸ்எம்பி 1ங்கற பழைய ஃபைல் ஷேரிங் பாஷை மட்டும், விஸ்டாவுல இருந்து தான் எஸ்எம்பி 2 வந்துச்சு. விண்டோஸ் 10ல 1709 வெர்ஷன்ல இருந்து அந்த பழைய பாஷையை மூடி வெச்சுட்டாங்க, ஏன்னா 2017 மே மாசம் வானாக்ரைன்னு ஒரு வைரஸ் அந்த ஓட்டை வழியா தான் உலகம் பூரா பூந்துச்சு. அதனால மூடுனது சரி தான், ஆனா உங்களுக்கு ஒரு மணி நேரம் மட்டும் திறக்கணும். விண்டோஸ் 10ல "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்"னு தேடி, எஸ்எம்பி 1.0க்குள்ள கிளையன்ட்ங்கறதை மட்டும் டிக் பண்ணுங்க, சர்வரை விட்டுடுங்க. ரீஸ்டார்ட் ஆனதும் எக்ஸ்பி ஃபோல்டர் திறக்கும். அந்த நேரம் விண்டோஸ் 10 லேப்டாப்ல வைஃபை வேண்டாம், நெட் வேண்டாம், இந்த ஒத்த கேபிள் மட்டும். முடிச்சதும் டிக்கை எடுத்துடுங்க, மறந்துட்டேன் அப்படியே இருக்குதுன்னு அடுத்த மாசம் எனக்கு எழுதாதீங்க.

எக்ஸ்பி பக்கம் ஃபயர்வாலும் ஒரு காரணமா இருக்கும், 2004ல வந்த சர்வீஸ் பேக் 2ல இருந்து அது தானா ஆன்ல இருக்கும், ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்குக்கு எக்ஸெப்ஷன் குடுங்க.

ஆனா உங்க விஷயத்துல ஃபைலை விட மத்தது தான் எனக்கு பயம். சிஎன்சி புரோகிராம் எல்லாம் வெறும் எழுத்து ஃபைல், நூறு புரோகிராம் இருந்தாலும் ஒரு போட்டோ அளவு கூட வராது, ஒரு நிமிஷத்துல போயிடும். மெஷினுக்கு அனுப்பற அந்த டிஎன்சி சாஃப்ட்வேர்ல பாட் ரேட் என்ன, டேட்டா பிட் ஏழா எட்டா, பேரிட்டி ஈவனா "நன்"னா, ஸ்டாப் பிட் ஒன்னா ரெண்டா, ஹேண்ட்ஷேக் எதுன்னு மெஷின் மெஷினுக்கு வேற வேற வெச்சிருப்பீங்க, அதை யாரும் எழுதி வெச்சிருக்க மாட்டாங்க, வெச்ச பையன் வேற கம்பெனிக்கு போயிருப்பான். ஸ்கிரீன் முழுசா போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் ஃபோன்ல போட்டோ எடுத்துடுங்க. இதை இன்னிக்கே பண்ணுங்க, ஃபைலை நாளைக்கு பாத்துக்கலாம். அந்த சாஃப்ட்வேருக்கு பிரிண்டர் போர்ட்ல சொருகற டாங்கிள் லைசென்ஸ் இருந்துச்சுன்னா ஃபைலை காப்பி பண்ணுனதால மட்டும் புது லேப்டாப்ல ஓடாது.

புது லேப்டாப்ல 9 பின் இல்ல, யூஎஸ்பி டூ சீரியல் கன்வெர்ட்டர் போடணும். விலை கம்மியா கெடைக்குதேன்னு போலி சிப் போட்டதை வாங்கிடாதீங்க, டிரைவர் அப்டேட் ஆனதும் வேலையை நிறுத்திடும். மெஷினுக்கு இப்போ இருக்கற கேபிளையே வெச்சுக்குங்க, அது நல் மோடம் கேபிள், 2ம் 3ம் குறுக்க போட்டிருக்கும், 5 நேரா, 7ம் 8ம் குறுக்க, சில மெஷின்ல அந்த முனையிலேயே சில பின்னை ஒன்னோட ஒன்னு கட்டியிருப்பாங்க, புதுசா செய்யறேன்னு அதை கலைச்சுட்டா மறுபடி கண்டுபிடிக்கறது பெரும்பாடு. இன்னொன்னு, லேப்டாப் சார்ஜரை ஆஃபீஸ் ரூம் பிளக்லயும் மெஷினை ஷெட்டு பேனல்லயும் போட்டு நடுவுல சீரியல் கேபிளை மாட்டாதீங்க, ரெண்டு எர்த்துக்கும் வித்தியாசம் இருந்தா போர்ட் ஐசி தான் பலி. லேப்டாப்பை பேட்டரில ஓட விட்டு மாட்டுங்க, இல்ல மெஷின் பக்கத்து பிளக்லயே போடுங்க.

பென்னாகரம், கேபிள் டிவி வேலை பாக்கும் தம்பி: கிராஸ் கேபிள் நானே கிரிம்ப் பண்ணிக்கலாமா, கலர் என்ன?

உங்ககிட்ட கிரிம்பிங் டூல் இருக்கும்னு தெரியுது, தாராளமா பண்ணுங்க தம்பி. ஒரு முனை சாதாரணமா போடறது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இன்னொரு முனையில ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் எடம் மாறும்: வெள்ளை பச்சை, பச்சை, வெள்ளை ஆரஞ்சு, நீலம், வெள்ளை நீலம், ஆரஞ்சு, வெள்ளை பிரவுன், பிரவுன். அதாவது 1ம் 2ம் அனுப்பறது, 3ம் 6ம் வாங்கறது, அனுப்பறவன் வாயும் வாங்கறவன் காதும் நேரா வரணும், அதுக்கு தான் இந்த மாத்தல். கிளிப் கீழ இருக்கற மாதிரி பிடிச்சு இடது பக்கத்துல இருந்து எண்ணுங்க. செஞ்ச கேபிள்ல ஒரு டேப் சுத்தி "கிராஸ்"னு எழுதி வெச்சுடுங்க, இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு எவனாவது அதை பழைய ஸ்விட்ச்ல மாட்டி அரை நாள் தலையை பிச்சுக்குவான்.

அரூர், போன மாசம் கேட்ட அதே வாசகர்: நீங்க சொன்ன மாதிரி பென்டிரைவ்ல போட்டேன், பாதியில "சைக்ளிக் ரிடன்டன்சி செக்"னு வந்து நின்னுடுது. கேபிள்ல போட்டாலும் அதே எடத்துல நிக்குது. வேற கேபிள் வாங்கவா?

அய்யா, முதல்ல மன்னிச்சுக்குங்க, அந்த ஒத்த வரிக்கு. வேற கேபிள் வேண்டாம். எது போட்டாலும் ஒரே எடத்துல நிக்குதுன்னா அது கேபிள் இல்ல, உங்க ஹார்ட் டிஸ்க்ல அந்த எடம் பழுதாயிடுச்சு. மறுபடி மறுபடி அதே ஃபைலை இழுக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் அந்த பழுதான எடத்தை டிஸ்க் தேய்ச்சுக்கிட்டே இருக்கும், ஒரு ஃபைலுக்கு ஆசைப்பட்டு மொத்தமும் போயிடும். செக் டிஸ்க் ஓட்டி சரி பண்ணலாம்னு யாராச்சும் சொன்னாலும் இப்போ வேண்டாம், முதல்ல எடுக்க முடிஞ்சதை எல்லாம் எடுத்துடணும். ரொம்ப முக்கியமான ஃபோல்டர்ல இருந்து ஆரம்பிங்க. சாதாரண காப்பி ஒரு எர்ரர்ல மொத்தமா நின்னுடும், அதுக்கு பதிலா விஸ்டாவுல இருந்து விண்டோஸ்க்குள்ளயே இருக்கற ரோபோகாப்பிய ஓட்டுங்க, அதுல திரும்ப முயற்சி பண்ற தடவையை கட்டாயம் குறைக்கணும், சும்மா விட்டா ஒரு ஃபைலுக்கு பத்து லட்சம் தடவை, தடவைக்கு 30 நொடி காத்திருந்து முயற்சி பண்ணும், நீங்க பேரன் பேத்தி எடுத்துடுவீங்க. ஒரு தடவை, ஒரு நொடின்னு வெச்சா பழுதானதை விட்டுட்டு அடுத்ததுக்கு போயிடும், எதெது வரலைன்னு கடைசியில சொல்லும். அந்த விட்டுப்போன ஃபைல்ல நெலத்து பத்திரம் ஸ்கேன் பண்ணது மாதிரி ஏதாவது இருந்தா அதோட நிறுத்திட்டு டிஸ்கை கழட்டி டேட்டா ரெக்கவரி தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. டிஸ்க்ல டக் டக்னு சத்தம் கேட்டுச்சுன்னா இது எதுவும் பண்ணாம உடனே ஆஃப்.

தேன்கனிக்கோட்டை: ரெண்டு லேப்டாப்லயும் பக்கவாட்டுல 1394னு எழுதின சின்ன ஓட்டை இருக்கு, அது எதுக்கு?

அது ஃபயர்வயர், கல்யாண வீடியோக்காரங்க கேமராவுல இருந்து டேப்பை கம்ப்யூட்டர்ல ஏத்தறதுக்கு வெச்சிருந்தது. ரெண்டும் எக்ஸ்பியா இருந்தா அதிர்ஷ்டம் தான், கேபிள் மாட்டுனதும் லேன் மாதிரியே தெரியும், 400 எம்பிபிஎஸ், அந்த காலத்து 100 எம்பிபிஎஸ் லேனை விட வேகம். விஸ்டாவுல இருந்து அந்த வசதியை எடுத்துட்டாங்க, அதனால ஒரு பக்கம் 7 இருந்தாலும் ஆவாது. கேபிள் ரெண்டு முனையும் 4 பின் சின்னதா இருக்கணும், ஊர்ல பழைய வீடியோ கடைக்காரங்க டிராயர்ல கட்டாயம் ஒன்னு கெடக்கும்.

ஊத்தங்கரை: கேபிள் போட்டு எல்லா ஃபைலும் வந்துடுச்சு, ஆனா புதுசா சேவ் பண்ணது எல்லாத்துலயும் தேதி 1980ன்னு காட்டுது. அப்பா எழுதி வெச்ச மாங்கன்னு கணக்கு, தேதி வாரியா வேணும். காப்பி பண்ணதுல கெட்டுப்போச்சா?

கெடலைங்க. பழைய லேப்டாப்போட உள்ள கடிகாரத்துக்குன்னு இருக்கற சின்ன பேட்டரி, பெரும்பாலும் சிஆர் 2032 இல்ல அது மாதிரி ஒயர் வெச்சது, தீர்ந்துபோச்சு, அதனால ஒவ்வொரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்றப்பவும் தேதி ஆரம்பத்துக்கு போயிடுது, அந்த மாதிரி பயாஸ்ல ஆரம்பம்ங்கறது 1980 ஜனவரி 1. பேட்டரி தீர்ந்ததுக்கப்புறம் சேவ் பண்ண ஃபைலுக்கு தான் அந்த தேதி, அதுக்கு முன்னாடி சேவ் பண்ணதுக்கு சரியான தேதி இருக்கும். எக்ஸ்புளோரர்ல ரெண்டு தேதி இருக்கும், கிரியேட்டட்ங்கறது நீங்க காப்பி பண்ண நாள், அதை பாக்காதீங்க, மாடிஃபைட்ங்கறது தான் அப்பா கடைசியா சேவ் பண்ணது, அது காப்பி பண்ணாலும் மாறாது. திறந்து படிச்சுட்டு மூடறப்போ "சேவ் பண்ணவா"ன்னு கேட்டா மட்டும் "நோ" குடுங்க, "எஸ்" குடுத்தா அந்த தேதியும் போச்சு. 1980ன்னு இருக்கறதுக்கு வேற வழி இல்ல, உள்ள திறந்து எந்த சீசன் கணக்குன்னு ரேட்டை பாத்து தான் கண்டுபிடிக்கணும், பெங்களூரா ரக மாங்கன்னு என்ன விலைக்கு போச்சுன்னு வீட்டுல பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும், கேட்டு பாருங்க.